திம்பத்தில் தண்ணீர் காட்டியவர்

எனக்கு ஊர் குலசேகரம். 1998-ல் பத்தொன்பது வயசு, மாமாவோட லாரியில் கிளீனர். புகைபோட்டு உலர்த்தின ரப்பர் ஷீட்டைக் கட்டுக்கட்டாக ஏற்றி மைசூர்ப் பக்கம் டயர் கம்பெனிக்குக் கொண்டுபோவோம். சத்தியமங்கலம் தாண்டினதும் மாமா பாட்டை நிறுத்திவிடுவார். வீரப்பன் காடு. 1993 ஏப்ரலில் பாலாறு பக்கம் கண்ணிவெடியில் 22 பேர் செத்தது அந்த ரோட்டில் ஓடுகிற எல்லா டிரைவருக்கும் மனப்பாடம்.

பண்ணாரி அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏறினோம். திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு. பேச்சிப்பாறையில் இருந்து கோதையாறு போகிற பாதையில் பழகினவன்தான் நான், இருந்தும் இது வேறு. லோடு வண்டி ஒரே திருப்பில் திரும்பாது. பின்னால் எடுத்துத் திருப்பணும், ஒவ்வொரு தடவையும் நான் குதித்து டயருக்குக் கட்டை வைக்கணும்.

பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். கேனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு வண்டியும் நிற்கவில்லை, அந்த இடத்தில் யார்தான் நிற்பார்கள்? மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்பதைக் கண்டேன். அந்த மலையில் வாழும் சோளகர் பழங்குடி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கன்னடம் கலந்த தமிழில் "தண்ணியா?" என்றார். கேனை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பாறை இடுக்கில் விரல் தடிமனுக்கு ஊற்று கசிந்தது. ஒரு இலையைக் கிள்ளி இடுக்கில் செருகினார், தண்ணீர் ஒழுங்காகக் கேனில் விழுந்தது. நிறைய அரை மணி நேரம் ஆச்சு.

திரும்பி வந்ததும் தார்ப்பாய் ஓரத்தில் தெரிந்த ஷீட்டைத் தொட்டுப் பார்த்து, "என்ன தோலு இது?" என்று கேட்டார். மரத்துப் பால் என்று சொன்னேன். மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இருட்டப்போகுது, ஆசனூர் வரை ஏறிக்கோங்க என்று மாமா கூப்பிட்டார். மாட்டேன் என்றார். "ஏறினா எதுக்குப் போனேன்னு இவங்க கேப்பாங்க. அவங்களும் கேப்பாங்க." இவங்க என்றது போலீஸை, அவங்க என்றது வீரப்பன் ஆட்களை.

எங்க பக்கத்து மலைப் பழங்குடிகளான காணிக்காரர் தேனும் கிழங்குமாக இறங்கி வந்தால் எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கதை பேசிவிட்டுத்தான் போவார்கள். மலையில் பிறந்த ஒருவர் சொந்த மலை ரோட்டுக்கே பயந்து ஒதுங்கி நின்றதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பேர் கேட்க வாயெடுத்தேன். மாமா கையைப் பிடித்து அமுக்கினார். வண்டி நகர்ந்த பிறகு சொன்னார்: "வேண்டாம் மக்களே. நாளைக்கு யாராவது நம்மகிட்ட கேட்டா சொல்ல வேண்டி வரும்." மேலே செக்போஸ்ட்டில் சந்தனக்கட்டை இருக்கா என்று கட்டுகளுக்கு இடையே கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். வழியில் யாரையாவது பார்த்தீங்களா என்றும் கேட்டார்கள். இல்லை என்றோம்.

2000 ஜூலை 30-ல் தொட்டகாஜனூரில் இருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் ஆட்கள் கடத்தினார்கள். அவர் வெளியே வர 108 நாள் ஆச்சு. அதற்குப் பிறகு மாமா அந்த ரோட்டுக்கு லோடு எடுக்கவே இல்லை. 2004 அக்டோபரில் வீரப்பன் கதையும் முடிந்தது.

அதிரடிப்படை தேடுதலில் மலை ஜனங்கள் பட்ட பாட்டைப் பற்றி வந்த புகார்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் போட்ட சதாசிவா குழு விசாரித்தது. 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்க ஆணையம் சொன்னதைப் பேப்பரில் படித்தேன். அந்த 89 பேரில் அவரும் உண்டா என்று தேடிப் பார்க்க என்கிட்ட ஒரு பேர் இல்லை.