24 வயதில் முன்பல் விலகுகிறது, ஆடவும் செய்கிறது. தண்ணீர்தான் காரணமா?

பாலக்கோடு பையன்:
ஒரு வருடமாக மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து பெரிதாகிக்கொண்டே போகிறது. காலேஜ் போட்டோவில் சந்தே இல்லை. இப்போது அரிசி நுழையும். இடது பல்லை நாக்கால் தள்ளினால் அசைகிறது. வலி இல்லை, அடியும் படவில்லை. சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை உண்டு. எல்லாம் போர் தண்ணீரால்தான் என்கிறார் அம்மா. கிளீனிங் செய்தால் இன்னும் ஆடும் என்று பெரியப்பா பயமுறுத்துகிறார்.

காரிமங்கலம்:
தம்பி, முதலில் நாக்கால் தள்ளிப் பார்ப்பதை நிறுத்துங்கள். கறை வேறு, ஆட்டம் வேறு. நம் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அந்தக் கறை, பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதிலேயே விழுந்துவிடுவது. அதனால் 24 வயதில் பல் ஆடாது. ஆடுகிறது என்றால் பெரும்பாலும் ஈறு நோய், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. இளவயதுக்காரர்களுக்கு வரும் ஒரு வகை முன்பற்களையும் முதல் கடைவாய்ப்பற்களையும் மட்டும் பிடிக்கும். பல் பார்க்கச் சுத்தமாகவே இருக்கும், வலியும் இருக்காது. குடும்பத்தில் ஓடும். வீட்டில் வேறு யாருக்காவது? ஹான்ஸ், சிகரெட்? சுகர்?

பாலக்கோடு பையன்:
அக்காவுக்கு 28 வயதிலேயே ஒரு முன்பல் விழுந்துவிட்டது அண்ணா. பிரசவத்தால் என்றார்கள். எனக்குப் புகையிலை கிடையாது, சுகர் பார்த்ததில்லை. ஒரு கிளினிக்கில் கிளிப் போட்டால் சந்து மூடிவிடும் என்றார்கள்.

ஊத்தங்கரை:
அவசரப்பட்டுக் கிளிப் போடாதீர்கள். ஈறு ஆறாமல் பல்லை இழுத்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். கிளீனிங் பயமும் வேண்டாம். எனக்குப் பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காரையை எடுத்ததும் பல் ஆடத்தான் செய்தது. அதுவரை சிமெண்ட் மாதிரி பிடித்திருந்ததே அந்தக் காரைதான். ஈறு ஸ்பெஷலிஸ்டிடம் போய் எக்ஸ்ரே எடுங்கள். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே குச்சி விட்டு அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி.

பாலக்கோடு பையன்:
போய் வந்தேன். முன்பல்லில் 7, கடைவாயில் 6. சுகர் நார்மல். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார்கள், மாத்திரையும் உண்டு. ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டுவார்களாம். கிளிப் பேச்சு அப்புறம்தான். அக்காவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அம்மா இன்னும் தண்ணீரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.