ஆள் மாறினால் கட்சித் தாவல், கட்சியே மாறினால்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்சியின் பெயர் அப்படியே இருக்கிறது; கொள்கை மட்டும் ஆண்டுகள் செல்லச் செல்ல வேறிடத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு ஒரு கலைச்சொல் வேண்டும் என்று நம் சொல்லாக்கக் குழுவில் கேட்டிருந்தார்கள். 'கொள்கைத் திரிபு', 'தடம் மாறுதல்', 'நீர்த்துப்போதல்', 'கொள்கை மாற்றம்' என்று வந்த பரிந்துரைகளைப் படித்தேன். நான்காவது மிகப் பொதுவாக இருக்கிறது. முதல் மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. மூன்றுமே தீர்ப்புச் சொல்கின்றன. திரிந்தது என்றால் கெட்டுவிட்டது என்று ஆகிறது. தடம் மாறியது என்றால் முன்பு இருந்ததே சரியான தடம் என்று ஆகிறது. மேடைக்கு இவை நன்றாகப் பொருந்தும். ஆனால் ஒரு மாணவர் ஆய்வேட்டில் எழுதும் சொல்லை அந்தக் கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒருசேர ஏற்க முடிய வேண்டும்.

இந்தச் சொல் நம்மிடம் இல்லாததற்குக் காரணம் உண்டு. ஆள் மாறுவதைப் பேச நமக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை: கட்சித் தாவல், அணி மாறுதல், கூடாரம் மாறுதல், தாய்க்கழகம் திரும்புதல். அரசமைப்பின் 52ஆவது திருத்தமாக 1985இல் வந்ததையும் 'கட்சித் தாவல் தடைச் சட்டம்' என்றே சொல்கிறோம். அந்தச் சட்டத்தின் கண்ணில் கட்சி ஓரிடத்தில் நிற்கிறது, உறுப்பினர்தான் ஓடுகிறார். உறுப்பினர் நின்ற இடத்திலேயே நிற்க, கட்சி அவரை விட்டு விலகிப் போவதும் உண்டு. அதற்குப் பெயர் இல்லாததால் அங்கேயும் பழி ஆள்மேல்தான் விழுகிறது. எனக்கு இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் காரியமாகத் தெரியவில்லை. நியாயமும் இதில் கலந்திருக்கிறது.

சேலத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதால் எடுத்துக்காட்டுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 1920 டிசம்பரில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். அரசியல் சட்ட வரம்புக்குள் படிப்படியாகத் தன்னாட்சி என்றிருந்த கட்சியின் குறிக்கோள், நியாயமும் அமைதியுமான எல்லா வழிகளிலும் சுயராஜ்யம் அடைவது என்று அங்கே திருத்தி எழுதப்பட்டது. ஒத்துழையாமை இயக்கமும் அங்கேதான் உறுதியானது. தலைவர் நாற்காலியில் இருந்தவருக்கே அதில் முழு உடன்பாடு இல்லை. 1885இல் பம்பாயில் கூடியவர்களும் 1920இல் நாக்பூரில் கூடியவர்களும் காங்கிரஸ் என்ற ஒரே பெயரில்தான் கூடினார்கள்.

அடுத்தவர் ராஜாஜி. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர், 1937இல் சென்னை மாகாணப் பிரதமர். அவருடைய கட்சி 1955இல் ஆவடியில் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. 1957இல் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1959 தொடக்கத்தில் கூட்டுறவு முறையில் கூட்டு விவசாயம் என்று காங்கிரஸ் முடிவெடுத்தது, மறுபடியும் நாக்பூரில்தான். அதே ஆண்டில் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். இதில் யார் யாரை விட்டுப் போனது? பொருளாதாரத்தைப் பொறுத்தவரை கட்சிதான் நகர்ந்தது என்பேன். மொழியைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரே 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்தார். அங்கே நகர்ந்தவர் அவர். ஒரே ஆள், ஒரே கட்சி, இரண்டு துறைகளில் இரண்டு விதமான அசைவு. 'கட்சி மாறினார்' என்ற ஒற்றைத் தொடருக்குள் இவ்வளவையும் திணித்து வைத்திருக்கிறோம்.

சேலம் என்றதும் இந்தக் குழுவில் எல்லாருக்கும் 1944 நினைவுக்கு வரும். 1916இல் தொடங்கிய அமைப்பின் முறையான பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அது நடத்திய 'ஜஸ்டிஸ்' நாளேட்டின் பெயரே நாளடைவில் கட்சிக்கும் ஆகிவந்து நீதிக்கட்சி ஆயிற்று. 1920 தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தது. 1937இல் படுதோல்வி. 1944 ஆகஸ்ட் 27 அன்று பெரியார் தலைமையில் சேலத்தில் நடந்த மாநாட்டில் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. அதைவிடப் பெரிய காரியம் 'அண்ணாதுரை தீர்மானம்': ஆங்கில அரசு கொடுத்த சர், ராவ் பகதூர் போன்ற பட்டங்களை விட்டுவிட வேண்டும், நியமனப் பதவிகளைத் துறக்க வேண்டும். ஜமீன்தார்களும் பட்டக்காரர்களும் முன்வரிசையில் இருந்த கட்சி அன்றைக்கு வேறொரு வகுப்பாரின் இயக்கமாகியது.

இதை ஏற்காதவர்கள் நீதிக்கட்சி என்ற பழைய பெயரோடு தனியே நின்றார்கள். 1952 பொதுத்தேர்தலிலும் அந்தப் பெயரில் போட்டியிட்டார்கள். அப்படியானால் 1916இல் தொடங்கியதன் தொடர்ச்சி எது? பெயரை வைத்துக்கொண்டவர்களா, ஆட்களையும் வேகத்தையும் கொண்டுபோனவர்களா? என் விடை இரண்டாவது. ஆனால் பெயரைக் கொண்டு வரலாறு எழுதுபவர் முதலாவதைத்தான் எழுத வேண்டியிருக்கும். நமக்குக் கலைச்சொல் தேவைப்படும் இடம் இதுதான்.

1949இல் பிரிந்து வந்த தி.மு.க. 1963இல் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. பெயரில் 'திராவிட' அப்படியே இருந்தது. 1944இல் அந்தச் சொல் சென்னை மாகாணம் முழுவதையும், அதாவது தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் பகுதிகளையும் நினைவில் வைத்திருந்தது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த பிறகு நடைமுறையில் அது தமிழ்நாட்டு அரசியலின் சொல் ஆகிவிட்டது.

குமாரமங்கலம் குடும்பத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. டாக்டர் சுப்பராயன் 1926இல் சென்னை மாகாணத்தின் கட்சி சாராத முதலமைச்சர், பிறகு காங்கிரஸ். மகன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட், பிறகு காங்கிரஸ் அமைச்சர். பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலத்தின் காங்கிரஸ் எம்.பி., பிறகு பா.ஜ.க. அமைச்சர். மூன்றும் ஆள் மாறியவை. அவற்றுக்கு இருக்கிற சொல்லே போதும்.

இன்னொரு வகை இருக்கிறது. கட்சியும் அசையவில்லை, ஆளும் அசையவில்லை. அவர்கள்மேல் ஒட்டிய அடையாளச் சொல்லின் பொருள் மட்டும் அசைந்துவிட்டது. 1907இல் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டபோது கோகலே பக்கம் மிதவாதிகள், திலகர் பக்கம் தீவிரவாதிகள். வ.உ.சி.யும் பாரதியும் தீவிரவாதிகள் என்று நாங்கள் பள்ளியில் பெருமையோடு படித்தோம். இன்றைக்குச் செய்தித்தாளில் அந்தச் சொல் வரும் இடம் வேறு. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்த பிறகு நம் ஊர்ச் சுவர்களில் 'வலது கம்யூனிஸ்ட்', 'இடது கம்யூனிஸ்ட்' என்று எழுதியிருந்த காலத்தில், 'வலது' என்றால் செங்கொடி பிடித்தவர்தான். அந்தக் கால மேடைப் பேச்சைப் படிக்கும் இருபது வயதுப் பிள்ளை அதை இன்றைய வலதுசாரி என்று எடுத்துக்கொண்டால் வரலாறே தலைகீழாகிவிடும்.

'லிபரல்' என்ற சொல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது. சேலம் மாநாடு நடந்த அதே 1944இல் ராபர்ட் மென்சீஸ் முன்னின்று உருவாக்கிய ஆஸ்திரேலிய லிபரல் கட்சி அந்நாட்டின் வலதுபக்கக் கட்சி. அமெரிக்காவில் லிபரல் என்றால் இடதுபக்கம் சாய்ந்தவர். அந்த நாட்டில் கட்சிகளே இடம் மாறிக்கொண்ட கதையும் உண்டு. அடிமைமுறை பரவுவதை எதிர்த்து 1854இல் பிறந்தது குடியரசுக் கட்சி. லிங்கன் அந்தக் கட்சிக்காரர். தென்மாநில வெள்ளையர்களின் கோட்டையாக நெடுங்காலம் இருந்தது ஜனநாயகக் கட்சி. 1964இல், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஜான்சன். அதை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர், அவ்வாண்டுத் தேர்தலில் சொந்த மாநிலமான அரிசோனாவையும் ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களையும் தவிர எங்கும் வெல்லவில்லை. லிங்கனின் கட்சி லிங்கனை வெறுத்த மண்ணில் வேர்விடுவது அப்போது வேகம் பிடித்தது.

ஆகவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். பெயர் நிற்க, கட்சியின் கொள்கை இடம்விட்டுப் போவது: கொள்கைப்பெயர்ச்சி. கட்சி நிற்க, அதைக் குறிக்கும் சொல்லின் பொருள் இடம்விட்டுப் போவது: பொருட்பெயர்ச்சி. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

ஏற்காட்டில் மேல்நிலை வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். தீர்ப்புச் சொல்லாத சொல் வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். என் தயக்கம் இரண்டு.

'கொள்கை' என்பதை நாம் இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம். கல்விக் கொள்கை, ஜவுளிக் கொள்கை என்று அரசாணையில் வருவதும் கொள்கை, பொதுவுடைமையும் கொள்கை. பாடநூல்களில் பின்னதற்குக் 'கருத்தியல்' என்று வருகிறது. மதுவிலக்கு முதன்முதலாக 1937இல் நம் சேலம் மாவட்டத்தில் வந்தது. பிறகு எத்தனையோ முறை தளர்ந்தும் இறுகியும் போனது. அதையெல்லாம் கொள்கைப்பெயர்ச்சி என்று மாணவர்கள் எழுதிவிட்டால்?

அடுத்தது, வகுப்பில் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். "சனிப்பெயர்ச்சி மாதிரிங்களா மிஸ்?" என்று உடனே கேட்டார்கள். பெயர்ச்சி என்றால் நாள் குறித்து நடப்பது. ஆவடியும் சேலமும் நாள் குறித்து நடந்தவை, சரி. அமெரிக்காவில் நீங்கள் சொன்னது பல பத்தாண்டுகள் ஊர்ந்து நடந்தது. 'கருத்தியல் நகர்வு' என்றால் இரண்டு சிக்கலும் தீராதா?

---

அம்மா, வணக்கம்.

சொல்லை வகுப்பு வரை கொண்டுபோனதற்கு மிக்க நன்றி. அறையில் உட்கார்ந்து ஆக்கும் சொல்லுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

'கொள்கை'யை நான் விட மாட்டேன். நம் தெருக்களில் 'கொள்கை விளக்கப் பொதுக்கூட்டம்' என்ற சுவரொட்டியைப் பார்க்காதவர் இல்லை. கட்சியோடு சேர்ந்து வரும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எவரும் கேட்பதில்லை. 'கருத்தியல் விளக்கப் பொதுக்கூட்டம்' என்று யாரும் ஒட்டியதில்லை. மதுவிலக்கைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வரையறையிலேயே விடை வைத்துவிடலாம்: தனியொரு திட்டம் மாறுவது இதில் அடங்காது.

பிள்ளைகள் சனியைச் சொன்னது எனக்கு உதவியாகவே படுகிறது. சனி சனியாகவே இருக்கிறது, வீடுதான் மாறுகிறது. நாம் சொல்ல வருவதும் அதுதான். அவர்களே ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் 'இடப்பெயர்ச்சி' படித்தவர்கள்தானே? நடந்த தொலைவு வேறு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள இடப்பெயர்ச்சி வேறு என்று அங்கே தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள்.

அந்தப் பிரிவை நாமும் எடுத்துக்கொண்டால் உங்கள் 'நகர்வு' வீணாகாது. நடந்துகொண்டிருப்பது நகர்வு, இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிட்டு அளந்து சொல்வது பெயர்ச்சி. பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் விதிகளில் 1918இல் ஏறிய, உற்பத்திச் சாதனங்கள் பொது உடைமையாக வேண்டும் என்ற விதியை 1995இல் டோனி பிளேர் தலைமையில் மாற்றி எழுதினார்கள். அந்த இரண்டு வாசகங்களுக்கும் இடையே இருப்பது கொள்கைப்பெயர்ச்சி. அதற்கு முன் நடந்த நெடிய உட்கட்சி வாதங்கள் கொள்கை நகர்வு. ஆவடித் தீர்மானம் போட்ட காங்கிரஸ் 1991இல் தாராளமயத்தைக் கொண்டுவந்ததையும் இப்படியே எழுதலாம். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று சொல்லாமல் 'பெயர்ச்சி' என்று எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடு மாணவர்களுக்கு நல்ல பழக்கமாகவும் அமையும்.

குழுவின் சொற்பட்டியலுக்கு இப்படி அனுப்பலாமா?

கொள்கை நகர்வு: ஒரு கட்சியின் அடிப்படைக் கொள்கை, பெயர் மாறியோ மாறாமலோ, காலப்போக்கில் இடம் மாறிக்கொண்டிருப்பது. தனித் திட்டங்களின் மாற்றத்தைக் குறிக்காது.

கொள்கைப்பெயர்ச்சி: குறிப்பிட்ட இரண்டு காலங்களில் ஒரு கட்சியின் அடிப்படைக் கொள்கை நின்ற இடங்களுக்கு இடையிலான வேறுபாடு. "1916க்கும் 1944க்கும் இடையே நீதிக்கட்சியின் கொள்கைப்பெயர்ச்சி."

பொருட்பெயர்ச்சி: அரசியல் அடையாளச் சொல் ஒன்றின் பொருள் காலத்தாலோ நாட்டாலோ வேறாகி நிற்பது. "1907க்குப் பிறகு 'தீவிரவாதி' என்ற சொல்லின் பொருட்பெயர்ச்சி."

முதல் வரையறையில் 'பெயர் மாறியோ மாறாமலோ' என்பதைச் சேலம் மாநாட்டுக்காகவே சேர்த்தேன். அது இல்லாவிட்டால் 1944 இந்தச் சொல்லுக்கு வெளியே போய்விடும். அதை ஏற்காதவர்கள் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், பேசிவிட்டே அனுப்புவோம்.