புதுப்பிப்பு: தவழாத பேத்தி

பத்து மாதமாகியும் பேத்தி தவழவில்லையே என்று மன்னார்குடியிலிருந்து முன்பு எழுதியிருந்தேன். அவள் இன்னும் தவழவில்லை, ஆனால் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்த் திண்ணைத் தூணைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டாள். குழந்தைநல மருத்துவர் கால்களில் இறுக்கம் உள்ளதா, இரு கைகளையும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறாளா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று பொறுமையாகச் சோதித்துவிட்டு, கவலை வேண்டாம் என்றார். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நலமான குழந்தைகளிலேயே ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் முட்டியிட்டுத் தவழவே இல்லை. தனியே நடக்கும் வயதும் சுமார் 8 முதல் 18 மாதம் வரை விரிந்திருந்தது. சக்கர வாக்கர் வாங்கச் சொன்னவர்களுக்கு (சம்பந்தியம்மாள் உட்பட): அது நடையை விரைவுபடுத்தாது, விழுந்து அடிபடவே வழிசெய்யும் என்று மருத்துவர் உறுதியாக மறுத்துவிட்டார். கற்றுக்கொண்ட ஒன்றைக் குழந்தை மறந்தாலோ, ஒரு கையையே பயன்படுத்தினாலோ மட்டும் தாமதிக்காமல் காட்டச் சொன்னார்.