தீம் பார்க்கில் பால் எடுத்த கதை, உங்களுக்கும் உண்டா?

சிறுசேரிக்காரி:

26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரமே டீம் அவுட்டிங் என்று மெயில் வந்துவிட்டது. சென்னைக்கு வெளியே ஒரு தீம் பார்க். பெயர் வேண்டாம், பாதி புகார்தான் சொல்லப் போகிறேன். வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு மாதம் வீட்டிலேயே கிடந்தவளுக்கு ஒரு நாள் வெளியே போக ஆசை இருக்காதா? பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தாய்ப்பால் எடுக்கும் பம்ப், இரண்டு பாட்டில், உறைந்த ஐஸ் பேக் போட்ட கூலர் பை, ஃபிளாஸ்கில் கொதித்து ஆறிய தண்ணீர் என்று கல்யாண சீர் மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் சண்டை கேட்டிலேயே. வெளிச் சாப்பாடு அனுமதி இல்லையாம். "அண்ணா, இப்ப காலிப் பாட்டில்தான். திரும்பிப் போகும்போதுதான் நிரம்பியிருக்கும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண் செக்யூரிட்டி பம்பைப் பார்த்ததும் ஜிப்பை மூடி, "போம்மா" என்று அனுப்பிவிட்டார்.

விடிகாலை ஐந்தரைக்குப் பால் எடுத்தது. பதினோரு மணிக்கு ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்தபோதுதான் தப்பு தெரிந்தது. தோளுக்கு மேலிருந்து இறங்கும் கம்பி, கல்லாகக் கனத்துக்கிடந்த மாரில் வந்து அழுத்தியது. எல்லோரும் பயத்தில் கத்தினார்கள், நான் வலியில் கத்தினேன். இறங்கும்போது மாரில் வைத்திருந்த பேட் நனைந்து சட்டையும் நனைந்திருந்தது. நேராக ரெயின் டான்ஸில் போய் நின்றுவிட்டேன். அங்கே யார் சட்டை எதனால் நனைந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்!

அப்புறம் கழிவறைக்குப் போனேன். தரையெல்லாம் ஈரம், உட்கார இடமில்லை, வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பதற்றத்தில் பால் இறங்கவே இல்லை. கால் மணி நேரத்துக்கு 20 மில்லி. அந்த நாற்றத்தில் எடுத்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க மனசு வராமல் கொட்டிவிட்டேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, புள்ளை குடிக்கறதை இங்கயா எடுப்பே? ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குப் போ. அங்க நர்ஸ் பொண்ணு இருக்கும்" என்றார். நுழைவாயிலில் கொடுத்த வரைபடத்தில் அந்த அறை ஒரு சிவப்புச் சிலுவையாகக் காலையிலிருந்து என் பையில்தான் இருந்திருக்கிறது.

நர்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, நாற்காலி போட்டு, பிளக் பாயின்ட்டைக் காட்டினார். போனில் பிள்ளை சிரிக்கும் வீடியோவை ஓடவிட்டேன், இரண்டாம் நிமிடத்தில் பால் இறங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் முட்டி சிராய்த்து வந்த பையன் ஒருவன், "அக்கா, உள்ளே என்ன சத்தம்?" என்று கேட்டான். "தண்ணி மோட்டார் ஓடுதுப்பா, காலை ஆட்டாதே." எனக்குச் சிரிப்பு வந்து பம்ப் நழுவப் பார்த்தது.

180 மில்லி. எழுத மார்க்கர் கொண்டுபோகவில்லை. நர்ஸே காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் துண்டு கிழித்து, நேரம் எழுதி பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தார். எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், உறைந்த ஐஸ் பேக் உள்ள பையில் 24 மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. நம் ஊர் மே மாத வெயிலில் முதல் கணக்கை மறந்துவிடுங்கள். பையைத் தேவையில்லாமல் திறக்காமல், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்களேன்.

டாலஸ் அம்மா:

படிக்கும்போதே எனக்கு நெஞ்சு கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. நான் போனது ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு நான்கு மாதம். அவனை ஹோட்டலில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனோம்.

அங்கே பேபி கேர் சென்டர் என்று தனி இடமே இருக்கிறது. மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்குப் பக்கத்தில். காசு கிடையாது. பால் கொடுக்கத் தனி அறை, டயபர் மாற்ற மேசை, மைக்ரோவேவ் எல்லாம் உண்டு. வெளியே அவ்வளவு கூட்டம், உள்ளே நம் ஊர் மத்தியானத் திண்ணை மாதிரி அமைதி. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா குழந்தையை மாரில் போட்டபடியே தூங்கிவிட்டார்.

கூலர் பையை உள்ளே விடுவார்கள், ஆனால் 2019 மே மாதத்திலிருந்து உதிரி ஐஸ் கூடாது. மறுபடி உறையவைக்கிற ஐஸ் பேக்தான் எடுத்துப்போக வேண்டும். தெரியாமல் ஐஸ் கட்டிகளை அள்ளிப்போட்டுக்கொண்டு போய், சோதனை மேசையிலேயே அத்தனையும் கொட்ட வேண்டியதாயிற்று.

சிரமம் நடையில்தான். பார்க்கின் கடைசி மூலையில் இருக்கும்போது நேரம் வந்துவிட்டால், அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில் திரும்பி நடக்க வேண்டும். இரண்டாம் நாள் உள்ளாடைக்குள் வைக்கிற பம்பைப் போட்டுக்கொண்டு, மேலே துப்பட்டாவைப் போர்த்தி, ரைடு வரிசையில் நின்றபடியே எடுத்துவிட்டேன். குனியாமல் இருக்கும்வரை ஒன்றுமில்லை. பெரியவள் ஷூ லேஸ் கட்டிவிடச் சொன்னாள். குனிந்தேன். அவ்வளவுதான், ஒரு பக்கத்துப் பால் முழுக்க வயிற்றில் வழிந்தது.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள். ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் குழந்தையோடு நிற்கலாம், அப்புறம் அவர் மறுபடி நீள வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம்.

திண்டுக்கல் பொண்ணு:

எங்களுக்குப் பார்க்கில் பிரச்சினை இல்லை, திரும்பும் வழியில்தான். வேனில் பதினாறு பேர், பாதி சித்தப்பா பெரியப்பாக்கள். வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னேன். 2015 ஆகஸ்டில் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தாரே, அந்த அறையை நம்பித்தான். அறை இருந்தது. பூட்டும் இருந்தது. சாவி யாரோ ஒருவரிடம், அவர் டீ குடிக்கப் போயிருந்தார். இருபது நிமிடம் கழித்து வந்து திறந்தால் உள்ளே விளக்குமாறும் இரண்டு பழைய நாற்காலியும்.

அதற்காக அந்த அறைகளையே குறை சொல்ல மாட்டேன். இன்னொரு ஊரில் இதே மாதிரி அறை சுத்தமாக, மின்விசிறி ஓட, திறந்தே இருந்தது. யார் கையில் சாவி என்பதைப் பொறுத்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கையால் பீய்ச்சித்தான் எடுத்தேன். அவசரத்துக்குக் கையை மிஞ்சிய பம்ப் இல்லை என்று எங்கள் ஊர் கிராம நர்ஸ் சொல்லிக் கொடுத்தது அன்றைக்குத்தான் உதவியது. கையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு அப்பா:

மனைவிக்காகப் படிக்கிறேன். போன மாதம் நாங்கள் போன இடத்தில், லாக்கர் வரிசைக்குப் பின்னால் பெட்ஷீட்டைத் திரையாகப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். கை போய்விட்டது. ஃபர்ஸ்ட் எய்ட் அறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது சரி, அந்த 180 மில்லி வீட்டுக்கு வந்து சேர்ந்ததா?

சிறுசேரிக்காரி:

வந்து சேர்ந்தது. ஐஸ் பேக்கில் இன்னும் கட்டி இருந்தது. ஆனால் வாசலில் என் குரலைக் கேட்டதும் துரை பாட்டிலைத் தட்டிவிட்டுவிட்டார், நேரடியாகத்தான் வேண்டுமாம். பாட்டில் அப்படியே ஃபிரிட்ஜுக்குப் போனது. மறுநாள் நான் ஆபீஸில் இருக்கும்போது அம்மா போன் பண்ணி, "பிளாஸ்திரி ஒட்டியிருக்கே, 1.40ன்னு யாரோ எழுதியிருக்காங்க, உன் கையெழுத்து மாதிரி இல்லையே. இதைக் கொடுக்கலாமாடி?" என்று கேட்டார்.

கொடு என்றேன்.