சிறுகுறிஞ்சான், வெந்தயம், அப்புறம் அந்த 58

சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்து எடுத்தது பற்றி மூன்று பேர் சொன்னவை இவை.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். போன வருடம் சிறுகுறிஞ்சான் பொடியையும் சேர்த்துக்கொண்டேன், இலைதானே என்று மருத்துவரிடம் சொல்லவில்லை. முதல் நாள் பச்சை இலை ஒன்றை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்தால், மணலை வைத்தது போல இருந்தது, துளி இனிப்பு இல்லை! இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் இனிப்பு உணரும் இடங்களைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடும், அவ்வளவுதான். நான் அதைப் பார்த்து ரத்தத்திலும் அப்படியே வேலை செய்யும் என்று நம்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள் மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. கை நடுங்கி, சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவு வியர்த்து, எதிரே இருந்த எழுத்து இரண்டாகத் தெரிந்தது. மீட்டரில் 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்துப் பார்த்தேன், 84. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை, சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும், அதோடு பொடியும் சேர்ந்தால் இன்னும் இறங்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். பொடியை நிறுத்திவிட்டேன்.

—

நான் எடுப்பது வெந்தயம்தான். இரவு ஊறவைத்தால் காலையில் கொழகொழவென்று இருக்குமே, அந்த நார்ச்சத்துதான் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்குகிறது. எனக்கு வெறும் வயிற்று அளவு 138-லிருந்து 121-க்கு வந்தது, ஆனால் அதே மாதம்தான் நடக்கவும் தொடங்கினேன், அதனால் முழுப் பெயரையும் வெந்தயத்துக்குக் கொடுக்க மாட்டேன். மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், இடைவெளி விடுங்கள், அந்தக் கொழகொழப்பு மாத்திரை உடம்பில் சேர்வதையும் தாமதப்படுத்தலாம்.

—

என் தம்பிக்கு டைப் 1 சர்க்கரை நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிற நோய் அது, ஊசி இல்லாமல் முடியாது. கணையத்தை மறுபடி வேலை செய்ய வைப்பதாகச் சொல்லி ஒருவர் சூரணம் கொடுத்தார், இவனும் இன்சுலினை நிறுத்திவிட்டான். மூன்றாம் நாள் ஓயாத வாந்தி, பெருமூச்சு, மூச்சில் அழுகிய பழ வாடை, ஐசியூவில் சேர்த்தோம். பிழைத்துவிட்டான். சூரணம் கொடுத்தவரிடம் போய்க் கேட்டதற்கு, ஒரு மண்டலம் முழுசாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.