கேலியன் வழக்கின் டேப் மனு: இன்னும் உறுத்தும் இடம் எது?

பழைய_குமாஸ்தா
அமெரிக்காவுல கேலியன் முதலீட்டு நிதியை நடத்தின ராஜ் ராஜரத்தினம், உள்தகவல் வர்த்தக வழக்குல (கம்பெனி ரகசியத்தை வச்சு பங்கு வாங்கி விக்கிறது) தன் போன் டேப்புகளை ஆதாரமா ஏத்துக்கக் கூடாதுன்னு போட்ட மனுவைப் பத்தித்தான் பேச்சு. 2010 நவம்பர் 24 உத்தரவு. நேரா விஷயத்துக்கு வர்றேன். அங்க 1968 ஒட்டுக்கேட்புச் சட்டப்படி போனை ஒட்டுக்கேட்க அனுமதி கேட்டா, வழக்கமான விசாரணை முறைகள் ஏன் போதாதுன்னு முழுசா எழுதணும். 2008 மார்ச்சில் எஃப்.பி.ஐ. கொடுத்த பிரமாணப் பத்திரத்துல, பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையமான எஸ்.இ.சி. ஏற்கெனவே அவரைத் துருவிக்கிட்டிருந்ததைப் பத்தி மூச்சே இல்லை. லட்சக்கணக்கான ஆவணங்கள் வாங்கியாச்சு, 2007 ஜூனில் அவர்கிட்டயே வாக்குமூலமும் எடுத்தாச்சு! அவரோட வக்கீல் ஜான் டவுட் அணி இதைத்தான் பிடிச்சது. நீதிபதி ஹோல்வெல், இது உண்மையை மதிக்காத அலட்சியம்னே எழுதினார். ஆனாலும் மனு தள்ளுபடி. விட்டதைச் சேர்த்து எழுதியிருந்தாலும் அனுமதி கிடைச்சிருக்குமாம். போன்ல பேசி முடிக்கிற வேலை ஆவணத்துல சிக்காதாம். அந்த டேப்புகள்ல 40க்கும் மேல ஜூரி கேட்டது. 2011 மே 11, பதினாலு குற்றச்சாட்டிலும் குற்றவாளின்னு தீர்ப்பு.

கொழும்புக்காரன்
அண்ணை, பாதிதான் சொல்லுறீங்கள். 2013 யூன் 24 மேன்முறையீட்டுத் தீர்ப்பையும் வாசியுங்கோ. அலட்சியம் எண்ட முடிவே பிழை எண்டு சொல்லிப்போட்டினம். ஒரு விசயம் விடுபட்டதை மட்டும் வைச்சு எழுதினவற்ற மனநிலையை ஊகிக்க ஏலாதாம். கையில இருந்த ஒரே வெற்றியும் போச்சு.
எனக்கு உறுத்துறது ரூமி கான். எஃப்.பி.ஐ.க்குத் தகவல் குடுத்த அவவில இன்னும் வழக்கு ஒண்டும் இல்லை எண்டு அந்தச் சத்தியக்கடதாசியில (பிரமாணப் பத்திரத்தில) கிடக்கு. அவ 2001இலயே குற்றத்தை ஒப்புக்கொண்டவ. என்ன குற்றம்? இன்டெல் தகவலை இதே கேலியனுக்கு ஃபக்ஸ் பண்ணினது!

மனு_எழுதி
எனக்கு உறுத்துறது, கேலியனோட சம்பந்தப்பட்ட இன்னொரு வர்த்தகர் கிரெய்க் டிரைமல் விவகாரம். மனைவியோட அவர் பேசினதை ஏஜென்டுகள் கேட்டதை நீதிபதி சல்லிவன் வெட்கக்கேடுன்னு கண்டிச்சார். டேப்பை மட்டும் தள்ளலை.
இப்படி மனு போடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒட்டுக்கேட்பு அனுமதி ஒரு தடவைக்கு அதிகபட்சம் 30 நாள்தான். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் தனிப் பத்திரம் இருக்கும், எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்குங்க. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அன்னிக்கு அரசுத் தரப்புக்கு என்ன தெரியும்னு குறிங்க. எஸ்.இ.சி.யும் வழக்குத்தொடுநரும் நடத்தின கடிதப் போக்குவரத்துதான் அதுக்கு ஆதாரம். வெறும் குற்றச்சாட்டு போதாது. பத்திரத்துல பொய்ன்னு சொல்றவங்ககிட்ட, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட 1978 ஃபிராங்க்ஸ் தீர்ப்பு ஆதாரத்தோட முதல்கட்ட நிரூபணம் கேக்குது.
அடுத்ததுலதான் முக்கால்வாசிப் பேர் கவுந்துடறாங்க. பொய்யைப் பட்டியல் போட்டுட்டு நிறுத்திடறாங்க. பொய்யை நீக்கி, விட்டதைச் சேர்த்து, திருத்தின பத்திரத்தை நீங்களே எழுதி, இதைப் பாத்து எந்த நீதிபதியும் கையெழுத்துப் போட மாட்டார்னு காட்டணும். ஹோல்வெல் முன்னாடி மனு விழுந்தது அங்கதான். சம்பந்தமில்லாத பேச்சைக் கேட்டது தனி வாதம், இதோட கலக்காதீங்க. அழைப்பு நேரம், நீளம், யார் பேசினதுன்னு அட்டவணை போட்டு, குறிப்பிட்ட அழைப்புகளை மட்டுமாவது நீக்கச் சொல்லி மாற்றுக் கோரிக்கை வைங்க. மொத்த டேப்பையும் தூக்கச் சொன்னா நீதிபதிக்குக் கை வராது.
உள்தகவல் வர்த்தகம் ஒட்டுக்கேட்புக் குற்றப் பட்டியல்லயே இல்லைங்கற வாதத்தை நம்பாதீங்க. தொலைத்தொடர்பு வழி மோசடி பட்டியல்ல இருக்கு, அரசு அதைத்தான் காட்டும். இன்னொண்ணு: டேப் நகல் உங்க கைக்கு வந்ததும் எஸ்.இ.சி. தன்னோட சிவில் வழக்குக்காக உங்ககிட்டயே அதைக் கேட்டு வரும். இந்த வழக்குலயே வந்தது. கொடுக்கச் சொல்லி நீதிபதி ரேகாஃப் உத்தரவும் போட்டார்; டேப் எடுத்தது சட்டப்படியான்னு முடிவாகறதுக்கு முன்னாடி கூடாதுன்னு 2010 செப்டம்பர்ல மேல்கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு.

கொழும்புக்காரன்
மனு எப்பிடி எழுதுறதெண்டு இஞ்ச ஆர் கேட்டது? டேப் உள்ள வந்தா எல்லாம் முடிஞ்சுது எண்டமாதிரிச் சொல்லுறீங்கள். ராஜரத்தினத்தின்ர தம்பி ரெங்கன் வழக்கிலயும் அண்ணன் தம்பி கதைச்ச டேப்பைப் போட்டவை. சில குற்றச்சாட்டை நீதிபதி புக்வால்டே தள்ளுபடி செய்துபோட்டா. மிச்சத்தில 2014 யூலை 8, ஜூரி விடுதலை.