தமிழ் நேர்காணல்களுக்குக் கோடிங் மென்பொருள் பயிற்சி: 2 நாளில் எதைச் சொல்லித்தருவது?

கேள்வி (தாழ்வாரம்):
சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் 14 பேர். எல்லோருடைய நேர்காணல்களும் தமிழில், ஆளுக்கு 15 முதல் 25 வரை. கோடிங் செய்ய, அதாவது பேட்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயர் (கோட்) வைக்க, உதவும் என்விவோ (NVivo) மென்பொருளின் உரிமம் 2 கணினிக்குத்தான் இருக்கிறது. 2 நாள், நாளுக்கு 5 மணி நேரம். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (கலர்பேனா):
முதல் நாள் மதியம் வரை கணினியைத் திறக்கவே வேண்டாம். ஒரே நேர்காணலில் 2 பக்கத்தை வரி எண்ணோடு அச்சடித்து எல்லோருக்கும் கொடுங்கள். 40 நிமிடம் கோட் போடட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடட்டும். ஒருவர் 'கடன்' என்று எழுதிய இடத்தில் இன்னொருவர் 'மானம்' என்று எழுதியிருப்பார். அந்த வாக்குவாதத்தை அவசரமாக முடித்து வைக்காதீர்கள், பயிற்சியே அதுதான். முடிவில் 12, 15 கோட் தேறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது, ஓர் எடுத்துக்காட்டு. இது இல்லாமல் மென்பொருளுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் ஆளுக்கு 80 கோட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மதியம் டகெட் (Taguette) என்ற கோடிங் மென்பொருள். இலவசம், அரை மணியில் பிடிபடும். கோட்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க முடியாது, 'கடன்.வட்டி', 'கடன்.அடகு' என்று புள்ளி வைத்துப் பெயரிட்டுச் சமாளிக்கலாம். அவரவர் கணினியிலேயே நிறுவச் சொல்லுங்கள். இணையத்தில் உள்ள பொதுச் சேவையகத்தில் ஏற்றினால், பேட்டி கொடுத்தவர் சொன்னதெல்லாம் வேறெங்கோ போய்விடும். ஒப்புதல் படிவத்தில் அதற்கு அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் குவால்கோடர் (QualCoder) மென்பொருள். இதுவும் இலவசம். வயது, பாலினம், ஊர் வாரியாகப் பிரித்துப் பார்க்க இது போதும்.

மறுமொழி (ஒற்றெழுத்து):
பயிற்சி கெடுவது பெரும்பாலும் கோப்பில்தான். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், மென்பொருளுக்கோ வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். கோட் போட்ட பிறகு விழித்துக்கொண்டு புதுக் கோப்பை ஏற்றினால் பழைய கோட் எதுவும் அதில் ஒட்டாது, முதலிலிருந்துதான். பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். எழுத்தை உருவும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிவிடும். வேர்டு கோப்பே நல்லது.

தேடலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டுக்கு' வராது. 'வீட' என்று தேடினால் எல்லாம் வரும், கூடவே 'வீடியோ'வும் வரும். என்விவோவில் கடைசியில் நட்சத்திரக் குறி சேர்க்க வேண்டும். தேடி வந்ததைப் படிக்காமல் மொத்தமாகக் கோட் போடும் வசதியை முதல் பயிற்சியில் காட்டாமல் விடுவதே உத்தமம்.

தாழ்வாரம்:
நன்றி. இரண்டு பேர் கோடிங்கை ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா (kappa) எண் எடுக்கக் கற்றுக்கொடுக்கலாமா? வழிகாட்டிகள் கேட்கிறார்கள்.

மறுமொழி (கலர்பேனா):
கடைசி ஒரு மணி நேரத்தில் காட்டலாம். ஆனால் அளவை முன்பே முடிவு செய்யுங்கள்: கோட் போடுவது ஒரு வாக்கியத்துக்கா, முழுப் பதிலுக்கா? கணக்கு எழுத்து எழுத்தாக நடக்கிறது. ஒரே கோட்டை ஒருவர் ஒரு வரிக்கும் மற்றவர் முழுப் பத்திக்கும் போட்டால் கப்பா படுத்துவிடும். உடன்பாட்டுச் சதவீதம் மட்டும் 90க்கு மேல் காட்டலாம், இருவருமே தொடாத பகுதியும் உடன்பாடாகவே எண்ணப்படுவதால். அதை அப்படியே ஆய்வேட்டில் போட விடாதீர்கள்.

அந்த 2 என்விவோ கணினியில் ஒன்று மேக், மற்றது விண்டோஸ் என்றால் ஒன்றில் சேமித்த கோப்பு மற்றதில் நேராகத் திறக்காது, மாற்ற வேண்டும். ஒன்டிரைவ் கோப்புறைக்குள் வைத்து வேலை செய்யவும் வேண்டாம். பாதியில் ஒத்திசைத்துக் கோப்பைக் கெடுத்துவிடலாம். கணினியில் வேலை, சாயங்காலம் தேதி போட்டு ஒரு நகல்.